பூனையின் இடுப்பு மூட்டு: கருணைக்கொலைக்கும் கடனுக்கும் நடுவே ஒரு சத்திரசிகிச்சை

ரெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஒஸ்ரினுக்கு வடக்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், பிரஷி என்னும் ஓடையின் நடுவே வட்டமான சுண்ணாம்புக் கல் ஒன்று கிடக்கிறது. அக்காலத்தில் வண்டிகளையும் மாட்டு மந்தைகளையும் ஓட்டிச் சென்றோர் ஓடையைக் கடக்கும் இடத்தை அந்தக் கல்லைக் கொண்டே அடையாளம் கண்டனர். ஊருக்கும் ரவுண்ட் ராக் என்றே பெயராயிற்று. 1990இல் 30 ஆயிரம் பேரே வாழ்ந்த இவ்வூரில், 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது 1 இலட்சத்து 19 ஆயிரம் பேர் இருந்தனர். டெல் கணினி நிறுவனம் தொண்ணூறுகளில் இங்கு வந்தமர்ந்ததோடு ஏற்பட்ட பெருக்கம் இது. தமிழ்க் குடும்பங்களும் அந்தப் பெருக்கத்தோடு வந்து சேர்ந்தவையே.

ஊர் பெருகினால் வீதி பெருகும்; வீதி பெருகினால் வாகனத்தில் அடிபடும் பூனைகளும் பெருகும். 35ஆம் இலக்க நெடுஞ்சாலை ரவுண்ட் ராக்கை இரண்டாகப் பிளந்து செல்கிறது. புதிய குடியிருப்புகளின் பின்வேலியைத் தாண்டினால் நான்கு வழித்தடத் தெரு. பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக வீட்டுக்குள் வந்த பூனை, ஓர் இரவு வெளியே போய், விடியும்போது பின்னங்காலை இழுத்துக்கொண்டு வாசலில் கிடக்கும். இது ரவுண்ட் ராக்கில் மட்டுமல்ல, எம்மவர் வாழும் எந்த நகரத்திலும் நிகழக்கூடியது.

அதன் பிறகு நடப்பதைத்தான் இங்கு பேச வேண்டியிருக்கிறது. பூனையைத் துவாயில் சுற்றிக்கொண்டு அவசர மிருக வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இடுப்பு மூட்டு உடைந்துவிட்டது என்கிறார்கள். பின்னர் ஒரு மதிப்பீட்டுத் தாள் முன்னால் வைக்கப்படுகிறது. அதில் உள்ள தொகை இரண்டு மாத வீட்டு வாடகைக்குச் சமனாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். பெற்றோருக்கு ஆங்கிலம் போதாது. பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. முடியாது என்றால் கருணைக்கொலை என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லையும் அந்தப் பிள்ளையே தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதருக்கான பெரிய மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். மிருக வைத்தியசாலைகளில் அத்தகைய ஏற்பாடு பொதுவாக இராது. ஆகையால் சில விடயங்களை முன்கூட்டியே தமிழில் அறிந்து வைத்திருப்பது நல்லது. அவற்றுள் முதன்மையானது இது: இடுப்பு மூட்டு கெட்டுப்போன பூனைக்குப் பெரும் செலவு அல்லது சாவு என்ற இரண்டு வழிகள் மட்டும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழக்கத்தில் உள்ள, எளிமையான ஒரு சத்திரசிகிச்சை உண்டு.

அதை விளங்கிக்கொள்ள மூட்டின் அமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும். தொடையென்பின் மேல்முனையில் உருண்டையான ஒரு தலை இருக்கிறது. அது இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்தி நின்று சுழல்கிறது. மனிதரிலும் பூனையிலும் அமைப்பு ஒன்றே. பூனையில் அந்தத் தலை ஒரு கடலைப் பருப்பின் அளவுதான். தலைக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு சிறு கழுத்து. அடிபட்டால் தலை குழியிலிருந்து கழன்று வெளியே வரலாம், கழுத்து முறியலாம், குழியே உடையலாம். வயது குறைந்த பூனையாயின், என்பு வளர்கின்ற தட்டின் வழியே தலை தனியாகக் கழன்றுவிடும்.

அந்த நடுவழிச் சத்திரசிகிச்சை என்னவெனில், கெட்டுப்போன அந்தத் தலையையும் கழுத்தையும் அறுத்து வெளியே எடுத்துவிடுவது. எடுத்த இடத்தில் வேறெதையும் வைப்பதில்லை. உலோகமும் இல்லை, ஆணியும் இல்லை. கேட்பவருக்கு இது வைத்தியமாகவே தோன்றாது. மூட்டை வெட்டி எறிந்துவிட்டு மிருகம் எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயமே.

நடக்கும். பூனையின் உடற்பாரம் நான்கு அல்லது ஐந்து கிலோதான். இடுப்பையும் தொடையையும் சுற்றி நிற்கும் தசைகள் அந்தப் பாரத்தைத் தூளி போலத் தாங்கிக்கொள்ளப் போதுமானவை. அறுத்த முனைக்கும் குழிக்கும் இடையே சில கிழமைகளில் நாரிழையம் வளர்ந்து மெத்தை போல நிரம்புகிறது. வைத்தியர்கள் இதைப் போலி மூட்டு என்கின்றனர். என்போடு என்பு உரசுவது நின்றுவிடுவதால் வலியும் நின்றுவிடுகிறது. கால் சற்றுக் குட்டையாகும். முன்போல முழுதாகப் பின்னே நீட்ட முடியாது. ஆயினும் பூனை நடக்கும், ஓடும், பெரும்பாலும் கதிரையின் மேலும் ஏறும். முப்பது நாற்பது கிலோ எடையுள்ள நாய்க்கு இதே சத்திரசிகிச்சை இவ்வளவு நன்றாகப் பலிப்பதில்லை. இலேசான உடம்பு பூனைக்குக் கிடைத்த வரம்.

இம்முறை மனிதரிலிருந்தே மிருகங்களுக்கு வந்தது. பிரித்தானியாவின் ஒக்ஸ்போர்ட்டில் கேடில்ஸ்ரன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், காசநோயாலும் சீழாலும் அழிந்த இடுப்பு மூட்டுகளை 1920களிலிருந்து இவ்வாறு வெட்டி அகற்றி வந்தார். நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வருவதற்கு முற்பட்ட காலம் அது. 1961இல் ஸ்பிரூல் என்ற பிரித்தானிய மிருக வைத்தியர், நாய்களின் இடுப்பு மூட்டு நோய்க்கு இதே முறையைக் கையாண்டு எழுதினார். அதன் பின் அது பூனைகளுக்கும் பரவிற்று. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1962இல், ஜோன் சாண்லி என்பவர் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் மருத்துவமனையில் உலோகத் தண்டும் பிளாஸ்ரிக் கிண்ணமும் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டை மனிதரில் வெற்றிகரமாகப் பொருத்தினார். எம்மவரில் முதியோர் பலர் இன்று செய்துகொள்ளும் மூட்டு மாற்றுச் சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

செயற்கை மூட்டு பூனைக்கும் வந்துவிட்டது. வந்ததில் ரெக்சாஸ் மாநிலத்துக்குப் பெரும் பங்குண்டு. ஹூஸ்ரன் நகரிலுள்ள கல்ஃப் கோஸ்ற் மிருக வைத்திய நிலையத்தைச் சேர்ந்த வொறன் லிஸ்கா என்னும் நிபுணர், மிகச் சிறிய செயற்கை மூட்டுகளைப் பொருத்துவதில் முன்னோடியாக விளங்கினார். மூன்று பூனைகளுக்கு முழு இடுப்பு மூட்டு மாற்றுச் செய்து, அதனைத் தலையென்பு அகற்றும் முறையோடு ஒப்பிட்டு அவரும் மற்றும் மூவரும் எழுதிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. சிறு நாய்களையும் பூனைகளையும் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 2010இல் வந்தது. நான்கு கிலோ உயிரின் தொடையென்புக்குள் உலோகத் தண்டைச் செலுத்தி, சீமெந்திட்டு, கிண்ணத்தையும் பொருத்துவது பொற்கொல்லனின் கைநுணுக்கம் வேண்டும் வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நாடு முழுவதிலும் சிலரே. மூட்டுக் கழன்றாலோ கிருமி தொற்றினாலோ மீண்டும் கத்தி வைக்க வேண்டும். செலவும் தலையென்பை அகற்றுவதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும்.

அப்படியானால் மலிவான முறையே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முழு உண்மையாகாது. ஜேர்மனியின் மியூனிச் பல்கலைக்கழகத்தில் ஓஃப், மாற்றிஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தலையென்பு அகற்றப்பட்ட நாய்களையும் பூனைகளையும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்துச் சோதித்தனர். உரிமையாளர்களில் மிகப் பெரும்பாலானோர் மனநிறைவு தெரிவித்தனர். ஆனால் வைத்தியர்கள் தாமே நடையை அளந்து பார்த்தபோது குறைகள் கணிசமாகத் தென்பட்டன. நாம் வீட்டில் நன்றாக நடக்கிறது என்று காண்பதும், அளவுகோல் காட்டுவதும் வேறு வேறாக இருக்கலாம். இதை மறைக்காமல் சொல்லும் வைத்தியரையே நம்பலாம். எனினும் வாடகையை எண்ணிக் கொடுக்கும் குடும்பத்துக்கு முன்னால் இருக்கும் கேள்வி, பழுதற்ற நடையா சற்றுக் குறைந்த நடையா என்பதன்று. வலியில்லாத வாழ்வா சாவா என்பதே. அந்தக் கேள்விக்கு இந்தச் சத்திரசிகிச்சை நல்ல விடை.

அடிபடாமலே முறியும் மூட்டு

பூனை வெளியே போவதேயில்லை, அடிபடவும் இல்லை, ஆனாலும் நொண்டுகிறது என்று சொல்வோர் உண்டு. அவர்களை வைத்தியர் சந்தேகிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1996 முதல் 2001 வரை பதிவான 26 பூனைகளைப் பற்றி 2002இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வளர்ந்த பூனைகளில், எவ்வித விபத்துமின்றித் தொடையென்பின் தலை தானாகவே கழன்றுவிட்ட நிகழ்வுகள் அவை. பெரும்பாலானவை விதை நீக்கப்பட்ட, உடல் பருத்த, இளம் ஆண் பூனைகள். சாதாரணமாக ஒரு வயதுக்குள் என்பாகி மூடிவிட வேண்டிய வளர்ச்சித் தட்டு, இவற்றில் மூடாமல் நீண்ட காலம் மென்மையாகவே இருந்திருக்கிறது. அதன்மேல் பாரமும் ஏற, தட்டு வழுகிவிடுகிறது. மனிதரில் பருத்த பதின்வயதுச் சிறுவர்களிடம் காணப்படும் ஒரு நோய்க்கு இது ஒப்பானது.

இதை வாசித்துவிட்டு விதை நீக்கமே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. விதை நீக்கப்படும் பூனைகள் கோடிக்கணக்கில். இந்நோய் வருவது மிகச் சிலவற்றுக்கு. பருக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எம் கையில் உள்ளது. எங்கள் வீடுகளில் அன்பு என்பது உணவாகவே பரிமாறப்படுகிறது, பூனைக்கும் அப்படியே. பாற்சோறும் மீன்தலையும் கிண்ணம் நிறையக் கிடைத்தால் அது ஏன் எழுந்து நடக்கப் போகிறது?

பிறவியிலேயே குழி ஆழமில்லாது அமைவதும் உண்டு. நாய்களுக்குரிய குறையென்று கருதப்பட்ட இது பூனைகளிலும் இருக்கிறது. மெயின் கூன் என்ற பெரிய சாதிப் பூனைகளை அமெரிக்காவின் மிருக மூட்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இக்குறை இருந்தது. பெரும் விலை கொடுத்து இச்சாதிக் குட்டியை வாங்க எண்ணுவோர், தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்பது முறை. தெருவிலிருந்து எடுத்த நாட்டுப் பூனைக்கு இந்தக் கவலை குறைவு.

வயதான பூனைகளைப் பற்றியும் ஒரு சொல். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதம் முதல் இருபது வயது வரையான 100 பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். 92 பூனைகளுக்கு எங்கேனும் ஒரு மூட்டில் தேய்வு காணப்பட்டது. அதில் முன்னணியில் நின்றது இடுப்பு மூட்டு. அத்தனைக்கும் சத்திரசிகிச்சை வேண்டும் என்பதல்ல இதன் பொருள். பூனை வலியை மறைக்கும் பிராணி, கத்தாது. யன்னலுக்குப் பாய்வதை நிறுத்திவிடும். முதுகின் பின்புற மயிரை நக்காமல் சடைபிடிக்க விட்டுவிடும். மணற்தட்டின் விளிம்பைத் தாண்ட வலிப்பதால் நிலவிரிப்பில் சிறுநீர் கழிக்கும். நிலவிரிப்பைப் பழுதாக்கினால் முற்பணத்தில் வெட்டுவார்கள் என்று வீட்டுக்காரருக்குப் பயந்து, பூனையைத் துரத்திவிடும் குடும்பங்களும் உண்டு. அது குறும்பல்ல, வலி என்பதை அறிந்தால் ஒருவேளை துரத்தாமல் விடுவார்கள். விளிம்பு தாழ்ந்த ஒரு தட்டை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மூட்டுத் தேய்வின் வலிக்கென்று மாதம் ஒருமுறை போடும் ஊசி மருந்தொன்றை அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2022 ஜனவரியில் பூனைகளுக்கு அனுமதித்திருக்கிறது.

பனடோல் கொடுக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நோவென்றால் எம் வீடுகளில் கை முதலில் போவது பனடோலுக்கு. அமெரிக்காவில் அதே மருந்து தைலனோல் என்ற பெயரில் விற்கப்படுகிறது. அது பூனைக்கு நஞ்சு. மனித ஈரல் அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. மருந்து நஞ்சாக மாறிக் குருதியைத் தாக்குகிறது. குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கிறது. முரசு கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். பாதி கொடுத்தால் பாதகமில்லை என்பதும் தவறு. தெரியாமல் கொடுத்துவிட்டால், ஒளிக்காமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாற்று மருந்து உண்டு, ஆனால் அது நேரத்தோடு போக வேண்டும்.

அஸ்பிரினும் இபுபுரோபனும் இதே வகையில் ஆபத்தானவை. கோடாலித் தைலமோ வேறு நோவெண்ணெயோ பூசுவதும் கூடாது. பூனை தன் உடம்பில் படுவதையெல்லாம் நக்கும். பூச்சு மருந்து வயிற்றுக்குள் போகும். ஒரு குடும்பம் முறிந்த மூட்டோடு வைத்தியசாலைக்கு வந்து, மூட்டினால் அல்லாமல் மாத்திரையினால் பூனையை இழப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

என்ன கேட்க வேண்டும்?

மதிப்பீட்டுத் தாள் முன்னால் வைக்கப்படும்போது அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டியதில்லை. இடுப்பு மூட்டு முறிவு, அதனளவில், அந்த மணித்தியாலத்திலேயே கத்தி வைக்க வேண்டிய காரியமல்ல. அடிபட்ட பூனையில் முதலில் பார்க்க வேண்டியவை நுரையீரலும் சிறுநீர்ப்பையும். அவை சேதமின்றியிருந்தால், வலி மருந்தோடு ஓரிரு நாள் பொறுத்து, வேறொரு வைத்தியரிடம் விலை கேட்கலாம். மூட்டு முறியாமல் கழன்று மட்டுமிருந்தால் நிலைமை வேறு. அதை மயக்க மருந்து கொடுத்து, வெட்டாமலே திரும்பக் குழிக்குள் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம்.

இடுப்பு வளையத்தில் விழும் முறிவுகள் பல, குழியைத் தொடாதவை. அவை கூட்டில் அடைத்து ஓய்வு கொடுத்தாலே நான்கு முதல் ஆறு கிழமைகளில் பொருந்திவிடும். ஆகவே முறிவு எந்த இடத்தில், குழியிலா, கழுத்திலா, வெளியிலா என்று கேட்பது முதற் கேள்வி. தலையை அகற்றும் சத்திரசிகிச்சை இதற்குப் பொருந்துமா என்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் அதன் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி எஃப்.எச்.ஓ. என்பார்கள். அந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே வைத்தியருக்கு விளங்கும். ஆணியும் தகடும் வைத்துப் பொருத்தும் முறையையோ மூட்டு மாற்றையோ மட்டும் தாளில் எழுதியிருந்தால், இதற்கும் தனி விலை எழுதித் தருமாறு கேட்கலாம்.

மூன்றாவது, இதை இங்கேதான் செய்ய வேண்டுமா என்பது. விசேட நிபுணர் செய்தால் விலை ஒன்று. அநுபவமுள்ள பொது வைத்தியர் செய்தால் வேறொன்று. பொது வைத்தியர்களில் பலர் இதைச் செய்கிறார்கள். எக்ஸ்ரே படங்களின் பிரதியைக் கேட்டுப் பெற்றுச் சென்றால், அடுத்த இடத்தில் மீண்டும் அதற்குப் பணம் கட்ட வேண்டியிராது.

ரவுண்ட் ராக்வாசிகளுக்கு, இரவு பகலாக இயங்கும் விசேட, அவசர மிருக வைத்தியசாலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கப்பால் உள்ளது கொலிஜ் ஸ்ரேஷனிலுள்ள ரெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். 1916இல் தொடங்கிய அதன் மிருக வைத்தியக் கல்லூரிக்குச் சொந்தமாகச் சிறு பிராணிகளுக்கான போதனா வைத்தியசாலை உண்டு. ரவுண்ட் ராக்கில் தொடங்கும் 79ஆம் இலக்கப் பாதையில் கிழக்கே ஓடி, ஹேர்ன் என்னும் ஊரில் தெற்கே திரும்பினால் ஏறத்தாழ 95 மைல். அந்தப் பாதை ரெய்லர் என்னும் சிற்றூரூடாகச் செல்கிறது. 2006இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தஞ்சம் கோரிய குடும்பங்களையும், 2009க்குப் பின்னர் பெண்களையும் அடைத்து வைத்த ஹற்றோ தடுப்பு நிலையம் அங்கேதான் உள்ளது. எல்லை கடந்து வந்தோருக்கு அவ்வூரின் பெயர் வேறு நினைவுகளைத் தரக்கூடும். அப்படிப்பட்டோருக்காகவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பூனைக்கு வைத்தியம் செய்ய வதிவிட அனுமதிப் பத்திரம் எதுவும் தேவையில்லை. வழக்கு முடியாதவரும் தயங்காமல் போகலாம்.

கடனைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. மிருக வைத்தியசாலைகளின் மேசைகளில் கெயார்கிரெடிற் என்னும் மருத்துவக் கடனட்டையின் விண்ணப்பத்தைக் காணலாம். ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் வட்டியில்லை என்பது அதன் கவர்ச்சி. குறித்த தவணைக்குள் கடைசி டொலர் வரை கட்டி முடிக்காவிடின், முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி கணக்கிடப்படும். இந்த நிபந்தனையை மக்களுக்குச் சரிவர விளக்கவில்லை என்று கூறி, அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2013 டிசெம்பரில் அந்நிறுவனம் 3 கோடியே 41 இலட்சம் டொலர் வரை திருப்பிக் கொடுக்க வேண்டுமென உத்தரவிட்டது. தவணைக்குள் கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதில் கைவைப்பது நல்லது. சீட்டுப் பிடித்துப் பழகிய எமக்கு, வட்டியின் வேகத்தை விளக்க வேண்டியதில்லை.

எவ்வழியும் இல்லையெனின், சாவுக்குக் கையெழுத்திடுமுன் இன்னொன்றைக் கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்தால் பூனையை ஏற்றுச் சத்திரசிகிச்சை செய்து வேறு வீட்டில் சேர்க்கக்கூடிய தொண்டு அமைப்புகள் உண்டா என்று வைத்தியரிடம் விசாரிக்கலாம். வில்லியம்சன் மாவட்டத்தின் பொது மிருகக் காப்பகம் ஜோர்ஜ்ரவுணில் இருக்கிறது. ரவுண்ட் ராக்கும் அதன் பரப்புக்குள் அடங்குகிறது. பிள்ளைக்கு அது பிரிவுதான். ஆயினும் மற்றதை விட மேல்.

ஒரு பூனைக்கு இத்தனை பாடா என்று கேட்போர் எம்மிடையே பலர். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் மனிதருக்கே மருந்து தட்டுப்பட்டதைக் கண்டவர்கள் அவர்கள். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள். அந்தப் பணத்தை நிறுத்திப் பூனைக்குச் செலவிடும்படி யாரும் அவர்களைக் கேட்க முடியாது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே பாட்டியில்லை, பெரியம்மா இல்லை, பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்க ஆளில்லை. இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர் இரவில்தான் வருகிறார்கள். வாசலில் காத்திருப்பது அந்தப் பூனை மட்டுமே. அதன் விலையை மதிப்பீட்டுத் தாளோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான கணக்காகாது என்பது என் எண்ணம்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

தலையென்பு அகற்றப்பட்ட பூனையை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அசையாமல் கிடத்த வேண்டும் என்று நினைப்பது இயல்பு. முறிந்த என்பைப் பொருத்திய பூனைக்கு அது சரி, இதற்குச் சரியல்ல. போலி மூட்டு அசைவினாலேயே உருவாகிறது. அசையாமல் விட்டால் அவ்விடம் இறுகி, கால் மடங்காமல் போய்விடும். முதல் இரண்டு கிழமை பாய்வதைத் தடுத்து, சிறு அறை ஒன்றில் நடக்க விட வேண்டும். வைத்தியர் காட்டித் தந்தபடி, வலி மருந்து கொடுத்த பின், காலை மெல்ல முன்னும் பின்னுமாக நாளுக்குச் சில தடவை மடக்கி நீட்ட வேண்டும். இந்த வேலைக்குப் பிள்ளைகளைப் போன்ற பொறுமைசாலிகள் வேறில்லை. ஒன்று அல்லது இரண்டு கிழமைகளில் பாதத்தை நிலத்தில் ஊன்றத் தொடங்கும். நன்றாக நடக்க இரண்டு மாதம் வரை ஆகலாம். சிலவற்றுக்கு அதற்கு மேலும். மூன்று நான்கு கிழமையாகியும் காலைத் தூக்கிக்கொண்டே திரிந்தால் வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும்.

தையல் ஆறும் வரை கழுத்தில் கூம்புப் பட்டி இருக்கட்டும். தானே நக்கித் தையலைப் பிரித்துவிட்டு, இரண்டாம் முறை செலவு வைத்த பூனைகள் ஏராளம். மணற்தட்டில் வழக்கமான மணலைப் போட்டால் துகள்கள் காயத்தில் ஒட்டும். அந்த இரண்டு கிழமைக்கு மட்டும் பத்திரிகைத் தாளைக் கீலங்கீலமாகக் கிழித்துப் போடுவதே வழக்கம். வாசித்து முடிந்த பின் இந்தப் பத்திரிகையும் அதற்கு உதவும்.